மவுத்து இல்லாத ஜனாதிபதி

எங்கள் கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் கடதாசியை நான் ஒருநாளும் வாசித்தவன் அல்ல. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பழைய கடதாசி கட்டுக்கட்டாக வரும். பரீட்சைத் தாள், கோட்டு வழக்குத் தாள், இந்தியாவில் அச்சான புத்தகம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்றைக் கிழித்து, சுருட்டி, கராம்பைப் போட்டு, நுனியை மடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. மாத்தளைப் பெரிய வீதியில் கராம்பும் மிளகும் சாதிக்காயும் விற்கிறவனுக்கு எழுத்தென்பது கடதாசியில் பட்ட அழுக்கு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்னை ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் வாழ்க்கையை ஊரெல்லாம் துருவித் திரிய வைத்தவள் என் மனைவி.

அவள் அப்போது மூன்றாவது தடவையாகப் பிள்ளை உண்டாகியிருந்தாள். முதல் இரண்டும் மாதம் நிறைந்து, உயிரில்லாமல் பிறந்தவை. இந்த முறை அரசாங்க மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படுக்கையை விட்டு எழும்பக் கூடாது, படி இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அதற்கு மேல் என் உம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். இந்த வீட்டில் யாரும் மவுத்துச் செய்தி பேசக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் சாவு விழுந்தால் அது உள்ளே இருக்கும் பிள்ளையைப் போய்த் தாக்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை.

கடை கீழே, வீடு மேலே. வீதியால் மையத்துப் பெட்டி போனால் உம்மா ஓடிப்போய் மேல் ஜன்னலைச் சாத்துவார். பலகாரம் கொண்டு வரும் சொந்தக்காரப் பெண்களைப் படியிலேயே மறித்து, என்ன பேச வந்தாய் என்று விசாரித்துத்தான் மேலே விடுவார். தம்புள்ளை ரோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மனைவியின் பெரியம்மா மவுத்தானார். அவருக்கு முழங்கால் வலி, அதனால் வந்து பார்க்க முடியவில்லை என்று சொல்லி வைத்தோம். அந்த வலி மாதக்கணக்கில் நீடித்தது. எண்ணெய் கொடுத்து அனுப்புங்கள் என்று மனைவி என்னை நச்சரிக்க, நானும் வாங்கி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பெரியபிள்ளை ஆனதும் வீட்டில் இருத்திவிட்டார்கள். ஆனால் வாசிப்பு அவளை விட்டுப் போகவில்லை. படுத்த இடத்திலேயே கிடந்து அலுத்துப்போய், "ஒங்க கடதாசிக் கட்டுல கதப் புத்தகம் ஏதும் இருந்தா கொண்டாங்க" என்றாள். நான் தேடி எடுத்துக் கொடுத்தது அட்டை போன ஒரு தமிழ்ப் புத்தகம். முன்பகுதி வரும்போதே இல்லை. பின்பகுதியை நாங்கள் ஏற்கனவே கராம்பு சுற்றியே தீர்த்திருந்தோம். நடுப்பகுதி மட்டும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையிலேயே மேலிருந்து குரல் வந்தது. "இஞ்ச வாங்க. இவரும் ஒங்களப் போல கடக்காரர்தான்."

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முந்தி அடிமைகளை விடுதலை செய்த ஜனாதிபதி அவர். கோடாரி பிடித்து மரம் பிளந்த கை. பள்ளிக்கூடம் போனது அங்கும் இங்குமாகச் சில மாதங்கள்தான். வாலிப வயதில் ஒரு சின்னக் கடையில் நின்று தேயிலையும் துணியும் விற்றிருக்கிறார். ஒருநாள் காலையில் தராசைப் பார்த்தால், முதல்நாள் மாலை ஒரு பெண்ணுக்குத் தேயிலை நிறுத்தபோது சின்னப் படிக்கல்லைப் போட்டுவிட்டது தெரிந்திருக்கிறது. உடனே கடையைச் சாத்தி, குறைந்த தேயிலையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீடு வரை நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம்.

"எந்தக் கடக்காரன் அப்படிச் செய்வான்? புத்தகக்காரன் விடுற கத" என்றேன்.

"நீங்க செய்ய மாட்டீங்க. அதனாலதான் ஒங்களப் பத்திப் புத்தகம் இல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலை கடை சாத்துமுன் என் படிக்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பக்கத்துக் கடைக்காரரின் கற்களோடு வைத்து நிறுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அதைப் பார்க்க வைத்த மனிதர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அவருடைய கடை கடைசியில் நட்டப்பட்டு மூடப்பட்டது என்று மனைவி வாசித்துச் சொன்னபோது, என் சொந்தக்காரர் கடை மூடியதைப் போல வருத்தப்பட்டேன்.

பிறகு அவளுக்கு முன்னும் பின்னும் தெரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. பிறந்தது எங்கே, வளர்ந்தது எப்படி, ஜனாதிபதியாகி என்ன செய்தார், கடைசியில் என்ன ஆனார். "ஒங்களுக்குத்தான் ஆயிரம் பேரத் தெரியுமே, கேட்டுட்டு வாங்க" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஓர் ஆவலைப் பார்த்தேன். அதற்காக அமெரிக்காவுக்கே போகச் சொன்னாலும் போயிருப்பேன்.

கோட்டுக்குப் பக்கத்தில் வழக்குப் பேசும் ஒரு வயதான யாழ்ப்பாணத்துப் புரொக்டர் இருந்தார். ஏலக்காய் எங்களிடம்தான் வாங்குவார். அவருடைய கந்தோரில் கண்ணாடி அலுமாரி நிறைய இங்கிலீஷ் புத்தகங்கள். விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு தடித்த புத்தகத்தை இறக்கி, இங்கிலீஷில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை வீடு. இரவல் வாங்கிய புத்தகம் மழையில் நனைந்துவிட, அதற்குப் பதிலாகப் புத்தகத்துக்குச் சொந்தக்காரரின் வயலில் வேலை செய்து கழித்தது. புத்தகத்தைக் கிழித்துக் கராம்பு சுற்றுகிற நான் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒன்பது வயசிலை தாய் செத்துப்போனா" என்றார் அடுத்து.

எனக்கு உம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். யோசித்து, அந்தத் தாயைச் சாகவிடாமல் வீடு வந்து சேர்ந்தேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன், நனைந்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன், தாய் நன்றாகச் சமைப்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன். மனைவிக்கு நல்ல சந்தோஷம். ஆனால் அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"இந்தப் புத்தகத்துல அவரோட சின்னம்மா நல்லவங்கன்னு போட்டிருக்கே. உம்மா இருக்கக்குள்ள சின்னம்மா எப்படி வந்தாங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "வாப்பா ரெண்டாங் கலியாணம் முடிச்சாரு."

"உம்மா இருக்கக்குள்ளயா?"

"இருக்கக்குள்ளதான்."

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு ரெண்டு கலியாணம் கூடாதே?"

"அமெரிக்காவுல அந்தக் காலத்துல கூடும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வாப்பாவுக்கு யோசனை சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அந்தக் கிழமை முழுக்க ஜனாதிபதியின் வாப்பாவுக்கு எங்கள் வீட்டில் ஏச்சு. எனக்கும் சோற்றோடு கொஞ்சம் கிடைத்தது.

இப்படித்தான் என் ஆராய்ச்சி நடந்தது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் புரொக்டரிடம் போவேன். தம்புள்ளைப் பக்கம் காட்டுச் சேனைகளில் மிளகாய் வாங்கப் போன இடத்தில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களைக்கூட விடவில்லை. கடையில் யாவாரம் நடந்துகொண்டிருக்கும்போதே என் மனம் அமெரிக்காவில் இருக்கும். எத்தனை தேர்தலில் தோற்றாலும் அடுத்ததற்கு நிற்கிறாரே, இந்த மனிதருக்கு வெட்கம் என்பதே இல்லையா என்று முதலில் நினைத்தேன். போகப் போக, அதுதான் அவருடைய பெரிய சொத்து என்று பட்டது. தோற்றதற்காக யாரையும் பகைக்காமல், தன்னை எதிர்த்துப் போட்டியிட்டவர்களையே கூப்பிட்டு மந்திரியாக்கினார் என்று புரொக்டர் சொன்னபோது, மறுபக்கத்துக் கடைக்காரரோடு கழிவு வாய்க்கால் விஷயத்தில் பேசாமல் இருந்த நான் அடுத்த நாளே போய் ஸலாம் சொன்னேன்.

கேட்டதைக் கேட்டபடி வீட்டுக்குக் கொண்டு போக முடியவில்லை என்பதுதான் கஷ்டம். அந்த வாழ்க்கையில் எங்கே தொட்டாலும் ஒரு மவுத்து. சொந்த நாட்டு ஆட்களே இரண்டாகப் பிரிந்து நான்கு வருஷம் அடித்துக்கொண்ட சண்டையை நான் எப்படிச் சொல்வது?

"சண்ட நடந்திச்சி. பொறகு சமாதானமாயிட்டாங்க" என்றேன்.

"நாலு வருஷம் சண்ட புடிச்சும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்லியா?"

"கொஞ்சப் பேருக்குக் காயம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அடிமைகள் விடுதலையானதைச் சொன்ன அன்று மட்டும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் விலைக்கு வாங்கக் கூடாது என்று சொல்ல ஒரு நாட்டுத் தலைவருக்கு இவ்வளவு பாடு பட வேண்டியிருந்ததே என்று கேட்டாள். படுக்கையில் கிடந்த பெண் கேட்ட அந்தக் கேள்வியை நான் புரொக்டரிடம் கொண்டு போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் செய்கிற கத்தரிப்பு வேலையை அவரிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "உம்மடை மனிசிக்கு நீர் சொல்லுற ஆள் வேறை, இந்தப் புத்தகத்திலை இருக்கிற ஆள் வேறை" என்றார். அன்றுதான் மிச்சத்தையும் சொன்னார். ஜனாதிபதிக்கு ஆண்பிள்ளைகள் நால்வர். ஒன்று சின்ன வயதிலேயே போய்விட்டது. ஜனாதிபதியாகி மாளிகையில் இருக்கும்போது பதினொரு வயது மகன் காய்ச்சலில் போனான். வெளியே சண்டை நடக்கிறது, உள்ளே பிள்ளையின் மையத்து. கடைசியில், சண்டை முடிந்த கையோடு நாடகம் பார்க்கப் போன இடத்தில் பின்னால் வந்து ஒருவன் சுட்டுவிட்டான்.

சுட்ட கதை எனக்கு அதிர்ச்சிதான். ஆனால் என்னை எழுப்பி வெளியே அனுப்பியது அந்த இரண்டு பிள்ளைகளின் கதை. ஏலக்காய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, வாறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் இரண்டு. அவை பிறந்து போன நாளிலிருந்து நான் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. என்னிடமும் யாரும் பேசியதில்லை.

வீட்டில் கடைசி அத்தியாயத்தை என் மனதுக்குப் பிடித்தபடி முடித்தேன். பதவி முடிந்து ஊருக்குத் திரும்பினார். மறுபடியும் ஒரு கடை திறந்தார். தேக்கு மேசை, புதுத் தராசு. மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுற்றி இருந்தார்கள்.

"யாவாரம் நல்லாப் போச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாப் போச்சி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அந்தக் கடையை நேரில் பார்த்தது போலத்தான் இருந்தது. ஒரு நல்ல மனிதருக்கு நல்ல முடிவு கொடுத்ததில் எனக்கென்ன குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாதம் நிறைய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கார்த்திகை மழை. ஒரு காலையில் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் கூட்டம் கூடியது. ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்கள். அப்போது அமெரிக்காவில் ஆட்சியில் இருந்த இளம் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் சாமானை மறந்து வீதிக்கு ஓடினார்கள். நானும் மழையில் நின்று கேட்டேன். செய்தி முடிந்து ரேடியோவில் வேறொருவர் பேசத் தொடங்கினார். இப்படி நடப்பது இது முதல் தடவை அல்ல என்றார். அடிமைகளுக்கு விடுதலை கொடுத்த ஜனாதிபதியும் நாடகக் கொட்டகையில் இப்படித்தான் சுடப்பட்டு இறந்தார் என்று, வீதி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மேல் ஜன்னல் திறந்திருந்தது.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. எழும்பக் கூடாதவள் எழும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உம்மா ஜன்னலைச் சாத்தப் போனார். "வேணாம் மாமி" என்றாள். உம்மா கையை எடுத்துவிட்டார்.

என்னைப் பார்த்து முதலில் கேட்டது இதைத்தான். "அப்ப அவரு கட திறக்கல்லியா?"

"இல்ல."

"அவரோட உம்மா?"

"அவருக்கு ஒம்பது வயசுல மவுத்தாப் போனாங்க."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்லன்னு சொன்னீங்களே, அந்தச் சண்ட?"

"லச்சக்கணக்குல செத்துப் போனாங்க."

"புள்ளைங்க?"

நான் உம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு புள்ள போயிரிச்சி" என்றேன். "ஒண்ணு ஜனாதிபதியா இருக்கக்குள்ளயே."

"ரெண்டா?"

"ரெண்டு."

"அதுக்குப் பொறகு அவரு என்ன செஞ்சாரு?"

"அழுதாரு. அறையப் பூட்டிக்கிட்டு அழுவாராம். பொறகு எழும்பி வேலயப் பாப்பாராம்."

அவள் அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, வாயைப் பொத்தாமல் அழுதாள். மருத்துவிச்சியை அழைத்து வர ஆள் அனுப்பலாமா என்று எனக்குப் பதறியது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"எனக்குச் சொல்ல வேண்டியது அதுதானே. அத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சொன்னீங்களே. இந்த வீட்டுல எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிக் கெடந்தேன். அவ்வளவு பெரிய மனுஷனுக்கும் இதே ரெண்டு நடந்திருக்கு. நடந்தும் அவரு எழும்பியிருக்காரு."

அறுத்தெறிந்த பக்கங்களில்தான் அவளுக்கு வேண்டியது இருந்திருக்கிறது. அவ்வளவு நாளும் நான் அவரைத் துடைத்து, மினுக்கி, ஒரு துக்கமும் படாத ஆளாக்கிக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆளால் அவளுக்கு என்ன உதவி?

"எனக்கு ஒரு புள்ளயாவது காட்டினீங்களா?" என்றாள் அடுத்து. "மனசு தாங்காதுன்னு சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஆம்புளப் புள்ளயா பொம்புளப் புள்ளயான்னுகூட நான்தான் மத்தவங்க பேச்ச ஒட்டுக் கேட்டு அறிஞ்சேன். நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க."

உம்மா படிக்கட்டின் தலைப்பில் போய் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். எங்களைத் தடுக்கவில்லை. நான் சொன்னேன். மூத்தவனுக்குத் தலை நிறைய முடி. அவளுடையதைப் போலவே சுருட்டை. இரண்டாவது மகளுக்கு நீளமான விரல்கள், மூடிய கை, என் வாப்பாவுடைய நெற்றி. இரண்டு தடவையும் வெள்ளைத் துணியில் சுற்றி என் இரண்டு கையிலும் ஏந்தித்தான் கொண்டு போனேன், பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். மையவாடியில் மதிலோரம் ஒரு சாதிக்காய் மரம் நிற்கிறது, அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள் என்றேன்.

"கனமா இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

நாள் பூராவும் நிறுத்து விற்கிறவன் நான். தலையை மட்டும் ஆட்டினேன். மழை விடும்வரை இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தோம். நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

பிறகு வந்த நாட்களில் அவள் ஜனாதிபதியின் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். இந்த முறை எதையும் விடாமல் சொன்னேன். அவர் முன்பை விட முழு மனிதராகத் தெரிந்தார். உம்மாவும் வந்து உட்கார்ந்து கேட்டார். பெரியம்மாவின் மவுத்தையும் சொல்லிவிட்டோம். "முழங்கால் வலியாம்" என்று அழுகைக்கு நடுவிலும் என்னைக் கேலி செய்தாள். மருத்துவிச்சி வந்தபோது அவர் கையைப் பிடித்து, "உசிரோட இருந்தாலும் இல்லாட்டியும் மொதல்ல எனக்குத்தான் காட்டணும். எனக்கு வாக்குத் தாங்க" என்றாள். மருத்துவிச்சி என்னைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சரி என்றேன்.

பிரசவத்தன்று நான் அறை வாசலில், கதவுக்கு இந்தப் பக்கம், கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துவிட்டு நின்றேன். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்வது தகப்பன் கடமை. முந்திய இரண்டு தடவையும் ஒளுவோடு நின்று, சொல்லாமலே திரும்பியவன் நான். உள்ளே மருத்துவிச்சியின் குரல், உம்மாவின் குரல், பிறகு ஒன்றும் இல்லை.

பிறகு பிள்ளை வீறிட்டது. வீதிக்கே கேட்கும்படி வீறிட்டது.

நான் கதவைத் தட்டினேன். பொம்பிளைப் பிள்ளை என்று உம்மா உள்ளிருந்து அழுதுகொண்டே சொன்னார். "கதவத் திறங்க, வாங்கு சொல்லணும்" என்றேன்.

மனைவியின் குரல் வந்தது. களைத்த குரல்தான், ஆனால் அப்படியொரு அதிகாரத்தை அதற்கு முன் அவளிடம் நான் கேட்டதில்லை.

"கொஞ்சம் இருங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல்ல."